பார்த்தது பென்சிலில்

கோலாலம்பூரிலிருந்து வந்த வேனின் பின்கதவைத் திறந்ததும் முதலில் இறங்கியது பேனர். அடுத்து சான்றிதழ்கள். 'வெற்றிகரமாக நிறைவு செய்தார்' என்று அச்சடித்து, பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். பட்டறை தொடங்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அதற்கும் பிறகுதான் வேதியியல் இறங்கியது: கையுறை, கண்ணாடி, சொட்டுக்குழல், ஒரு பொட்டலம் தேயிலைத்தூள், ஒரு சிவப்பு முட்டைக்கோஸ்.

தேயிலையைப் பார்த்து நான் சிரித்திருக்கக் கூடாது. ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை என்று முன்வரிசையில் உட்காரவைத்து, கழுத்தில் அட்டை மாட்டி, கையில் ஒரு பேனாவும் கொடுத்திருந்தார்கள். ஆனால் மண்டபத்துச் சன்னலைத் திறந்தால் எதிர்ச்சரிவு முழுக்கத் தேயிலை. இந்த மலையில் விளைந்த இலை தாப்பா சாலையில் லோரியில் இறங்கி, பொட்டலமாகி, பேரங்காடி அடுக்கில் உட்கார்ந்து, விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டு திரும்பவும் மலையேறி வந்திருந்தது. அதைப் பறித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அமிலம், காரம் சொல்லிக்கொடுக்க. கோஸ் கதையும் அதேதான். இரவெல்லாம் கோஸ் ஏற்றிய லோரிகள் இறங்கிக்கொண்டிருக்கும் கேமரன் மலைக்கு, ஒற்றைச் சிவப்புக் கோஸ் கண்ணாடித்தாள் சுற்றிக்கொண்டு விருந்தாளியாக வந்திருந்தது.

வந்தவர்கள் நல்ல பிள்ளைகள். பல்கலைக்கழகம் முடித்தவர்கள், சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பியவர்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு வாயில்லை. பேனரில் 'ஹேண்ட்ஸ் ஆன் வேதியியல்' என்று இருந்தது. எங்கள் காலத்தில் அதற்குப் பெயர் கிடையாது. பள்ளிக்கூடத்தில் அது நடக்கவும் இல்லை.

1981-இல் நான் நான்காம் படிவம். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு மலாய், அதற்குப் பிறகுதான் இடைநிலைப்பள்ளி என்பதால் வகுப்பில் பாதிப் பேரைவிட ஒரு வயது மூத்தவள். ஆய்வுக்கூடத்தின் சாவி சிக்குவின் கால்சட்டைப் பையில் இருக்கும். சிக்கு என்றால் ஆசிரியர். மலாய்ச் சொல்தான், எங்கள் வாயில் புழங்கித் தமிழாகிவிட்டது. சோதனைக்குழாய்கள் கண்ணாடி அலமாரிக்குள், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்துவைத்த எவர்சில்வர் மாதிரி, எண்ணி அடுக்கப்பட்டிருக்கும். வகுப்பில் நாற்பது பேருக்கு மேல். எரியக்கூடிய பன்சன் அடுப்பு ஒன்று. சிக்கு முன்மேசையில் செய்து காட்டுவார். முன்வரிசைக்கு வேதியியல் தெரிந்தது. எனக்கு முன்வரிசைப் பிடரிகள் தெரிந்தன.

ஆனால் நான் படத்தில் கெட்டி. ப்யூரெட், கூம்புக்குடுவை, தாங்கி எல்லாவற்றையும் அடிக்கோல் வைத்து அப்படியே இறக்குவேன். தரம்பார்த்தல் முழுவதையும் வரைந்தே கற்றவள் நான். ஐந்தாம் படிவம் முடியும்வரை ப்யூரெட்டின் திருகைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் பினாப்தலீன் சேர்த்த காரத்தில் அமிலம் விழுந்தால் 'மேரா ஜம்பு' நிறம் போய்விடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மேரா ஜம்பு என்றால் கொய்யாப்பழச் சிவப்பு. கொய்யாவைத் தின்றிருக்கிறேன், அதனால் நிறத்தைப் பற்றி ஒரு குத்துமதிப்பு இருந்தது.

சிக்கு ஒரு முறை வைத்திருந்தார். பார்த்ததைப் பென்சிலில் எழுத வேண்டும். பிறகு புத்தகத்தோடு ஒப்பிட்டு, சரியானதைப் பேனாவில் எழுத வேண்டும். அழிப்பான் என்பது ஆய்வுக்கூடக் கருவிகளில் ஒன்று என்றே வெகுகாலம் நம்பியிருந்தேன்.

அந்த ஆண்டு எங்கள் கையிலேயே கொடுக்கப்பட்ட சோதனை ஒன்று உண்டு. நீரின் கொதிநிலை. செலவில்லாத சோதனை, தண்ணீரும் சாராய விளக்கும் போதும். நான்கு பேருக்கு ஒரு வெப்பமானி. தண்ணீர் தளதளவென்று கொதித்தது, பாதரசம் 95-இல் நின்றது. அடுத்த மேசையிலும் 95. அதற்கடுத்த மேசையில் ஒருவன் வெப்பமானியைத் தட்டிப் பார்த்தான்; 95. சிக்கு ஒவ்வொரு மேசையாக வந்து குனிந்து பார்த்தார். கடற்கரைப் பக்கம் படித்து வளர்ந்து, அந்த ஆண்டுதான் மலைக்கு மாற்றலாகி வந்தவர். கனிவான மனிதர், குளிருக்கு எப்போதும் இரண்டு சட்டை போட்டிருப்பார். "தெர்மோமீட்டர் எல்லாம் பழசு" என்றார். அத்தனை வெப்பமானியும் ஒரே அளவுக்கு எப்படிப் பழசாகும் என்று யாரும் கேட்கவில்லை. பென்சிலை அழித்தோம். பேனாவில் 100 என்று எழுதினோம். ஒரே ஒரு பையன் மட்டும் அழிக்காமல் விட்டான். பிடிவாதமா, அழிப்பான் இல்லையா என்பது தெரியாது. அவன் 95-ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம் விழுந்தது. எனக்கு முழு மதிப்பெண்.

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். உயரம் கூடக் கூடத் தலைக்கு மேலுள்ள காற்றின் அழுத்தம் குறையும். தண்ணீரை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கிற கை தளர்ந்தால், அது சீக்கிரமே ஆவியாகக் கிளம்பிவிடும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று வைத்துக்கொண்டால் எங்கள் ஊர்த் தண்ணீர் 95-இல் கொதித்தாக வேண்டும். அன்றைக்கு எங்கள் ஆய்வுக்கூடத்தில் வேலை ஒழுங்காகப் பார்த்தவை வெப்பமானிகள் மட்டும்தான்.

அன்று இரவு அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொழுந்தெடுப்பவர், எழுதப் படிக்கத் தெரியாது. பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி இந்த மலைக்கு வந்தவர். "மேல தண்ணி பொசுக்குனு கொதிச்சிரும்டி, பருப்புதான் வேகாது" என்றார், சோற்றை வடித்துக்கொண்டே. வந்த புதிதில் பருப்பு வேகவே இல்லையாம். மாமியார் இவர் கைராசியைக் குறை சொன்னாராம். பிறகு லயத்தில் பக்கத்து வீட்டு அக்கா, முதல் நாள் இரவே ஊறவைக்கச் சொல்லிக்கொடுத்தாராம். காற்றழுத்தமும் கொதிநிலையும் பற்றி நான் கேட்ட முதல் சரியான விளக்கம் அதுதான். அதை நான் எந்தப் புத்தகத்தோடும் ஒப்பிடவில்லை. பருப்பு எப்படி வேதியியல் ஆகும்?

அப்பாவுக்குத் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், வேலை. இலை வந்ததும் வாட்டும் தொட்டிகளில் பரப்பிக் காற்று ஊதுவார்கள். இரவெல்லாம் ஈரம் இறங்கி இலை துவளும். பிறகு உருட்டும் இயந்திரம் இலையைக் கசக்கி அதன் சாற்றை வெளியே கொண்டுவரும். அதற்கடுத்த அறையின் கதவில் ஆங்கிலத்தில் பெர்மென்டேஷன் என்று எழுதியிருக்கும். அங்கேதான் பச்சை இலை செம்பு நிறத்துக்கு வரும். எப்போது போதும் என்பதை அப்பா மூக்கால் முடிவு செய்வார். பச்சை வாடை போய்ப் பழுத்த பழ வாடை வரவேண்டும். அதைத் தாண்டினால் போச்சு. சரியான நொடியில் சூடான காற்றடிக்கும் உலர்த்தும் இயந்திரத்துக்குத் தள்ளுவார். ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வுக்கான சோதனைத் தேர்வு ஒன்றில், நொதித்தலுக்கு எடுத்துக்காட்டு தருக என்று கேட்டிருந்தார்கள். எல்லாரும் தாப்பே (புளிக்கவைத்த சோறு), ரொட்டி என்று எழுத, நான் பெருமையாகத் தேயிலை என்று எழுதினேன். சிவப்பு மை அடித்துவிட்டது. அழுதுகொண்டு வீட்டுக்குப் போனேன். எங்கள் அப்பாவின் அறைக்கதவிலேயே எழுதியிருக்கிறதே!

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த ஒரு தடவை பள்ளிக்கூடம் சொன்னது சரி. தேயிலையில் ஈஸ்டும் இல்லை, நொதித்தலும் இல்லை. இலை கசங்கும்போது அதிலுள்ள ஒரு நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு கேட்டசின் என்ற பொருள்களைப் பொன்னிறத் தியாபிளேவினாகவும் செம்பழுப்பு நிறத் தியாரூபிகினாகவும் மாற்றுகிறது. வெட்டிவைத்த ஆப்பிள் பழுப்பாவதும் இதே வகை வேலைதான். ஆக்சிஜனேற்றம். உலகத்துத் தேயிலைத் தொழிற்சாலைகள் எல்லாம் ஒரு தவறான பெயரைக் கதவில் எழுதிவைத்து, சரியான வேதியியலை உள்ளே நடத்திக்கொண்டிருந்தன. எங்கள் பள்ளி அதற்கு நேர்மாறு.

இன்று சுங்கை பாலாஸ் பக்கம் போனால், சுற்றுப்பயணிகள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஸ்டோர் வேலையைப் பார்க்கிறார்கள். பிறகு ஸ்ட்ராபெரி ஜாம் தடவிய ஸ்கோனோடு தேநீர். கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம் என்று வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். விரலால் எடுப்பது குறைந்து கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. அம்மாவின் விரல்களை இன்று யாரிடமும் காண முடியாது. கொழுந்தின் சாறு ஏறி நகக்கண் கறுத்திருக்கும். கத்தியோ கொண்டியோ இரும்பு ஏதாவது பட்டுவிட்டால் நீலக்கறுப்பாகிவிடும். தேயிலையின் டானினும் இரும்பும் சேர்ந்தால் மை. ஐரோப்பியர்கள் பல நூற்றாண்டு பேனாவில் ஊற்றி எழுதியதும் இந்த வகை மைதான், அவர்கள் டானினை ஓக் மரத்தில் உண்டாகும் மாசிக்காய் என்ற கழலைகளிலிருந்து எடுத்தார்கள். அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் கஸ்தூரி எலுமிச்சையைப் பிழிந்து விரலைத் தேய்ப்பார். கறுப்பு கரைந்து ஓடும். அதே எலுமிச்சை, பால் சேர்க்காத தே ஓ கிண்ணத்தில் விழுந்தால் தேநீர் வெளிறும், சோடா உப்பு விழுந்தால் கறுக்கும். காட்டி என்ற சொல்லைப் பள்ளியில் லிட்மஸ் தாளின் படத்தைப் பார்த்துக் கற்றேன். பாட்டி ஆலத்தி கரைக்க மஞ்சளில் சுண்ணாம்பைப் போட்டுச் சிவக்கவைத்துக்கொண்டிருந்தார், நான் அதைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போனேன்.

வேடிக்கை என்னவென்றால், நான் வேதியியல் ஆசிரியை ஆனேன். படம் நன்றாக வரைந்ததுதான் காரணம் என்று இப்போதும் சந்தேகம் உண்டு.

தரைப்பகுதியில் பல ஆண்டுகள் பணியாற்றினேன். அங்கே தண்ணீர் 100-இல் கொதித்தது. புத்தகமும் வெப்பமானியும் ஒற்றுமையாக வாழ்ந்தன. 1999-இல் பேக்கா வந்தது, செய்முறை வேலையைப் பள்ளியிலேயே மதிப்பிடும் திட்டம். நோக்கம் தங்கமானது: பிள்ளை தன் கையால் செய்ய வேண்டும், ஆசிரியர் அதைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். நடந்தது என்னவோ கோப்புகளின் பெருக்கம். ஒருவன் செய்ய, நால்வர் பார்க்க, முப்பது பேர் அறிக்கையைப் பார்த்து எழுதினார்கள். அமிலத்தைவிட மை அதிகம் செலவான காலம் அது. 2003-இல் அறிவியலும் கணிதமும் முதலாம் ஆண்டிலும் முதலாம் படிவத்திலும் தொடங்கி ஆங்கிலத்துக்கு மாறின. சில ஆண்டுகளில் திரும்பின. என் பணிக்காலத்தில் ஒரே பொருளைத் தாபுங் உஜி என்றும் டெஸ்ட் டியூப் என்றும், வீட்டில் பிள்ளைகளிடம் சோதனைக்குழாய் என்றும் சொல்லியிருக்கிறேன். எந்த மொழியில் சொன்னாலும் அது அலமாரிக்குள்ளேயே இருந்தது.

2004-இல் மலைக்கு மாற்றல் கிடைத்தது. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். முதல் தவணையில், தோட்டத்துப் பையன் ஒருவன் கொதிநிலை 95 என்று அறிக்கை கொண்டுவந்தான். எனக்குப் பட்டம் இருந்தது. அம்மாவின் பருப்பு நினைவிருந்தது. மலையின் உயரமும் தெரியும். ஆனால் என் மேசையில் விடைத்திட்டம் இருந்தது, அதில் 100 என்று இருந்தது, மறுநாள் கோப்பு போயாக வேண்டும். "திரும்பச் செய்" என்றேன். மூன்று தடவை செய்தான், மூன்று தடவையும் 95. கடைசியில், கண்ணை அளவுக்கோட்டுக்கு நேராக வைக்காததால் வந்த பிழை என்று முன்னெச்சரிக்கைப் பகுதியில் எழுதச் சொன்னேன். எழுதினான். அவன் கண் நேராகத்தான் இருந்தது. வளைந்திருந்தது வேறு.

இந்த மலையின் பெயருக்குரிய வில்லியம் கேமரனும் இப்படித்தான். 1885-இல் நில அளவையராக வந்து இந்த மேட்டுநிலத்தைக் கண்டார்; கண்ட இடத்தை வரைபடத்தில் குறிக்காமல் போய்விட்டார். பிறகு பல ஆண்டுகள் அந்த இடம் எதுவென்று தெரியாமலே கிடந்தது. எனக்கு அவரிடம் ஒரு தோழமை உண்டு.

பிராயச்சித்தம் மாதிரி ஒன்று பினாங்கில் கிடைத்தது. அங்குள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மஷித்தா அப்துல்லா, நோரிட்டா முகமட், ஜூரிடா இஸ்மாயில் ஆகியோர் நுண்ணளவு வேதியியலை நம் பள்ளி மாணவர்களுக்கு ஆளுக்கொரு கருவிப்பெட்டியாகக் கொடுத்து ஆராய்ந்து 2009-இல் கட்டுரை வெளியிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் பிராட்லி வளர்த்து, யுனெஸ்கோ பல நாடுகளுக்கு எடுத்துச்சென்ற வழி இது. குடுவைக்குப் பதில் சிறு குழிகள் உள்ள தட்டு, மில்லிலிட்டருக்குப் பதில் சொட்டு. இதைப் படித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? மாத்திரை அட்டை. அம்மாவின் இரத்தக்கொதிப்பு மாத்திரை தீர்ந்த அட்டைகளைக் கழுவி வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஒரு குழியில் ஈய நைட்ரேட் ஒரு சொட்டு, அதன்மேல் பொட்டாசியம் அயோடைடு ஒரு சொட்டு. பளீரென்று மஞ்சள். நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் "ஆ" என்றார்கள். ஈயம் நஞ்சு, சொட்டுக் கணக்கில் இருப்பதால் சேகரித்து அப்புறப்படுத்துவதும் எளிது. என் வகுப்பில் பிடரியைப் பார்த்து உட்கார்ந்திருந்த பிள்ளை அன்று ஒன்றுகூட இல்லை.

மேற்பார்வைக்கு வந்த ஒருவர் மாத்திரை அட்டைகளைப் பார்த்துவிட்டு, "உண்மையான கருவிகள் எங்கே?" என்றார். அலமாரியைக் காட்டினேன். எண்ணிப் பார்த்துத் திருப்தியோடு போனார்.

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், கிராமப் பிள்ளைகள் செய்து பார்த்தே அறிவியல் கற்கும் திட்டம் 1972-இல் தொடங்கி முப்பது ஆண்டு நடந்தது. 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது அழுகை வரவில்லை. பழக்கப்பட்ட சிரிப்புதான் வந்தது.

நான் நடத்திய பாடங்களில் மிகச் சிறந்தது, நான் இல்லாதபோது நடந்தது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடின. ஆய்வுக்கூடம் இல்லை, அலமாரி இல்லை, சாவியும் இல்லை. வீட்டில் இருப்பதை வைத்து ஏதாவது ஒரு மாற்றத்தைக் கவனித்து அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். கைப்பேசிக்கு அலை கிடைக்க மேட்டுக்கு ஏறி நின்று அனுப்பினார்கள். எலுமிச்சைத் தேநீர் பன்னிரண்டு பேரிடமிருந்து வந்தது. நீலப்பூ பூத்த ஹைட்ரேஞ்சியாச் செடியின் வேரில் வீட்டுச் சுண்ணாம்பைக் கொட்டிவிட்டு, எப்போது இளஞ்சிவப்பாகும் என்று ஒருத்தி தினமும் கேட்டாள். புளிப்பு மண்ணில்தான் அந்தப் பூவுக்கு அலுமினியம் கிடைத்து நீலமாகும், மண் மாற மாதக்கணக்கில் ஆகும் என்றால் அவளுக்குப் பொறுமை இல்லை.

ஒரு பையன் படம் படமாக அனுப்பினான். அம்மியில் தட்டிய தேயிலைக் கொழுந்து. கால்மணிக்கு ஒரு படம். பச்சை மெல்ல மெல்லச் செம்பாகிறது. பக்கத்தில் இன்னொரு தட்டு. அதிலிருந்த கொழுந்தும் தட்டியதுதான், ஆனால் கடைசிப் படம்வரை பச்சையாகவே இருந்தது. இது ஏன் மாறவில்லை என்று கேட்டேன். "அது இட்லிச்சட்டில அவிச்சது டீச்சர். தாத்தா ஸ்டோர்ல வேலை பார்த்தாரு. சூடு பட்டா எலை செத்துரும், அப்புறம் நெறம் வராதுன்னு சொன்னாரு." சூட்டில் நொதி செயலிழக்கும்; ஆவியில் அவித்து எடுக்கும் பச்சைத் தேயிலையின் அடிப்படையே அதுதான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு பையன் ஒப்பீட்டுத் தட்டு வைத்திருக்கிறான். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து மதிப்பெண் பட்டியலைத் திறந்தேன். அதில் இதற்குக் கட்டம் இல்லை.

இப்போது எஸ்.பி.எம். வேதியியலில் மூன்றாம் தாளே செய்முறைத் தேர்வு. அலமாரி திறந்துவிட்டது, நல்லதுதான். கூடவே, முந்தைய மாநிலத் தேர்வுகளின் செய்முறை வினாக்களை மனப்பாடம் செய்யவைக்கும் மாலை வகுப்புகளும் திறந்துவிட்டன.

பட்டறைக்கு வருவோம். கோஸ் சாறு ஊதாவிலிருந்து சிவப்பானது, பச்சையானது. பிள்ளைகள் கைதட்டிவிட்டு, கைப்பேசியில் எடுத்தது சரியாக விழுந்ததா என்று பார்த்தார்கள், ஒன்றிரண்டு பேர் குழாயையும் பார்த்தார்கள். தேயிலை வெளிறியது. பின்வரிசைப் பையன் ஒருவன் "தே ஓ லீமாவ்" என்று கத்த, மண்டபமே சிரித்தது. கடைசியாக டிஜிட்டல் உணரி. கம்பி இல்லாமல் திரைக்கு எண்ணை அனுப்பும் அருமையான கருவி. தண்ணீர் கொதித்தது. திரையில் 95.1.

மேடையிலிருந்த இளைஞர் உணரியை வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி உள்ளே விட்டார். 95.1. "சென்சர் கொஞ்சம் ரீசெட் பண்ணணும் போல, கீழ இருக்கும்போது நல்லாதான் காட்டுச்சு" என்றார். உண்மையைத்தான் சொன்னார், கீழே நூறுதான் காட்டியிருக்கும்.

என் பக்கத்து மேசையில் இருந்த சிறுமி முணுமுணுத்தாள். "எங்க வீட்லயும் குக்கர் இல்லாட்டி பருப்பு வேகாது."

அவள் முன் பயிற்சித்தாள் இருந்தது. 'நீரின் கொதிநிலை' என்று போட்டு ஒரு கோடு. எதிரே உட்கார்ந்திருந்தவள் ஏற்கெனவே 100 என்று எழுதிவிட்டு அலங்காரமாக அடிக்கோடும் போட்டிருந்தாள். இவள் திரையைப் பார்த்தாள், தோழியின் தாளைப் பார்த்தாள், கழுத்தில் அட்டை தொங்குகிற என்னைப் பார்த்தாள். பென்சிலை எடுத்து மெல்லிசாக 95 என்று எழுதிவிட்டு, அழிப்பானைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

காலையில் எனக்குக் கொடுத்த பேனாவின் மூடியைக் கழற்றி அவள் பக்கம் நீட்டினேன்.

"இதுல எழுதும்மா."